எல்லாத்தையும் நிறுத்திடு

மழை வருவதற்கு முன்பே என் வலது தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிடும். பதினெட்டு வருடம் மூட்டை தூக்கிய தோள். அதனால்தான் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறினேன். ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். வேண்டாத மெயில் வந்து குவிகிறவர்களுக்கு அதை நிறுத்திக் கொடுப்பேன். சட்டை வாங்கு, சீட்டில் சேர் என்று நச்சரிக்கும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் பொடி எழுத்தில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று இருக்கும். வயதான கண்ணுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ஒரு லாரி டிரைவர் வந்து தன் போனை மேசைமேல் வைத்தார். முகம் ஊதியிருந்தது.

"நாலாயிரம் மெயிலுப்பா. என் பொண்டாட்டிகூட இவ்ளோ பேசினதில்ல. எல்லாத்தையும் நிறுத்திடு."

"எது வேணும், எது வேணாம்னு பார்த்துச் சொல்லுங்கய்யா."

"நீ பார்க்காததையா நான் பார்த்துடப் போறேன்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாத்தையும் என்றுதான் சொன்னார்.

விளம்பரக் குப்பைக்கு நடுவே ஆஸ்பத்திரி மெயில் கிடந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியல், அவர் நான்காவது. இன்னும் காத்திருக்கிறீர்களா, விலகிக்கொள்கிறீர்களா என்று மாதாமாதம் கேட்பார்கள். என் தம்பிக்கும் அதே மெயில் வரும். அதே ஆஸ்பத்திரி, அதே ரத்த வகை. அவன் ஐந்தாவது.

'விலகுகிறேன்' என்பதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். நீக்கிவிட்டோம் என்று வந்த பதிலையும் அழித்தேன். செய்கிற வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் தம்பிக்கு அழைப்பு வந்தது. டிரைவர் மேலும் மூன்று மாதம் காத்திருந்து செத்தார். அவர் மகள் கடைக்கு வந்தாள். "அப்பா மெயில்ல ஆஸ்பத்திரிலேர்ந்து ஏதாவது வந்துதாண்ணே?" நான் பார்த்தவரை இல்லை என்றேன்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். நாளைக்கே அந்த மெயில் முன்னால் வந்தாலும் அதையேதான் அழுத்துவேன். கூடப்பிறந்தவனுக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாத ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படியில்லை.

எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே டாக்டர் சொன்னார். மூட்டை தூக்கித் தேய்ந்த உடம்பு இது. இதில் கத்தி வைக்க விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். பொருந்தவில்லை என்று வீட்டில் சொன்னேன்.

தம்பி நன்றாக இருக்கிறான். அவனுக்கு நான் ஒன்றும் பாக்கியில்லை. டிரைவருக்குத்தான் ஒரு சிறுநீரகம் பாக்கி.