உமாபதி அண்ணனின் கார்டு

அரை லிட்டர் பாலுக்குக் கார்டு தேய்க்கிற ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். கடைக்காரர் டேனியல் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். எல்லாரும் போனைக் காட்டிப் பணம் போடுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார். கார்டு என்னுடையது இல்லை, வீட்டுக்காரர் உமாபதி அண்ணனுடையது, அவருக்கு முழங்கால் முடியாததால் நான் சாமான் வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை, மேடம். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய்கள் குறைவு. அவை வரும் இடத்தில் அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் பணம் போட முடியாததற்குக் காரணம் இருந்தது. அண்ணனின் வங்கிக் கணக்கில் பதிந்திருந்தது அவர் மகன் உதயகுமாரின் நம்பர். அவன் கனடாவில் இருக்கிறான். நெட் பேங்கிங்கும் அவன் கையில்தான். அங்கிருந்தபடியே ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, அப்பா எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினார் என்று பார்ப்பான். மாதம் முடிந்ததும் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வான். சந்தேகப்பட்டு அல்ல. பணம் அண்ணனுடையது, வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் அவர் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவை விற்று வந்தது. அப்பா நடமாட்டமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள மகனுக்கு அது ஒரு வழி. போனில் பேசினால் இருவருக்கும் சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும். அந்த நாளில் அண்ணனின் கல்யாண ஆர்டர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் முகூர்த்த நாளிலும்தான். மகன் பள்ளிக்கூடம் போகாத நாளில் அப்பா வீட்டில் இருந்ததில்லை.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பல வருஷங்கள் தென்னேரி ரூட்டில். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்த பிறகு அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்குக் குடி வந்தேன். பென்ஷன் எனக்குப் போதும், மிச்சமும் ஆகும். ஆனால் ஓய்வுக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்துகொண்டேன். யாரும் என்னிடம் எதையும் கேட்காமலே ஒரு முழு நாள் கழிந்துவிட முடியும். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நானும் திருப்பி வணக்கம் சொல்வேன்.

ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்தில் பேக்கரியில் கொஞ்சம் பிஸ்கட் வாங்கினேன். கையில் சில்லறை இல்லை, அண்ணன் கார்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் உதயகுமார் கூப்பிட்டான். அண்ணனுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“பேக்கரில என்னப்பா வாங்குனீங்க? சுகர் இருக்குதுல்ல உங்களுக்கு? கொஞ்சம் வாயக் கட்டுங்கப்பா.”

அண்ணன் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். இனிமேல் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மகன் திட்டினான் என்று அவருக்கு வருத்தம். எனக்கு அப்படி இல்லை. நான் தின்ற பிஸ்கட்டுக்காக ஒருவன் கடல் கடந்து கூப்பிட்டுத் திட்டுகிறான். என் மனைவி போன பிறகு நான் என்ன தின்றேன் என்று கேட்டது அவன் ஒருவன்தான்.

அதற்கப்புறம் நான் அவனுக்காக வாங்க ஆரம்பித்தேன். செருப்புக் கடையில் வாங்கினால், நடக்கிறீர்களா அப்பா, நல்லது என்று எழுதுவான். பழக்கடை என்றால் ஒரு கட்டை விரல் படம். கடை பெயர் மட்டும்தான் அவனுக்குத் தெரியும், உள்ளே வாங்கியது என்ன என்று தெரியாது, அதனால் கேட்பான். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தெரியாது. பதில் எழுதியது நான். எனக்காக வாங்கியவற்றுக்கு என் பென்ஷனிலிருந்து ஈடு எடுத்து அண்ணன் பீரோவிலேயே வைத்தேன். அது அப்படியே இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். திருடன் என்று மட்டும் என்னை எழுதாதீர்கள்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சு படபடத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பில்லுக்குக் கார்டைப் போட்டோம். நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்பே உதயகுமார் கூப்பிட்டுவிட்டான். இன்னொரு தடவை இப்படி ஆஸ்பத்திரி பில் வந்தால் வீட்டைப் பூட்டிவிடலாம், சென்னையில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஹோம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுகிறேன் என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். அண்ணன் பயந்துபோனார். நான் வெளியே வந்து அந்த வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். பூட்டினால் பின்கட்டையும் சேர்த்துத்தான் பூட்டுவார்கள். கார்டையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் கருட சேவை கூட்டமெல்லாம் கலைந்து தெரு பழையபடி ஆன சமயத்தில் அண்ணன் குளியலறையில் விழுந்தார். தூக்கிக் கட்டிலில் போட்டேன். இடுப்புக்குக் கீழே தொட்டாலே அலறினார். ஆஸ்பத்திரி வேண்டாம், பில் வந்தால் அவன் பார்த்துவிடுவான் என்று முதலில் சொன்னது அவர்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் அவர் சம்மதம் இருந்தது.

பிறகு மாறிவிட்டார். கால் வீங்கி நிறம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“பரசு, அவன் வரட்டும்பா. வீட்டப் பூட்டுனாலும் பூட்டட்டும். என்னத் தூக்கிக்கினு போய் எங்கனா சேத்துடு.”

“ரெண்டு நாள் பொறுங்கண்ணா, வீக்கம் வடிஞ்சிடும்” என்றேன்.

வடியாது என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து என் அறையில் வைத்துக்கொண்டேன். தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை, எழுதி அனுப்பு என்று உதயகுமாருக்கு அப்பா எழுதுவது போல எழுதினேன். அது ஒரு பொய். சரிப்பா என்று உடனே பதில் வந்தது. பேசாமல் இருப்பது அவனுக்கும் வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

வலி மாத்திரைக்கு வழக்கமான மருந்துக்கடைக்கே போனேன். அங்கே திரிஷா என்று ஒரு பெண் இருக்கிறாள், நல்ல பெண்.

“அங்கிள், இத இவ்ளோ நாளு குடுக்கக் கூடாது. தாத்தாவக் கூட்டிக்கினு போய் டாக்டராண்ட காமிங்க” என்றாள்.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார் என்று சொன்னேன். அது இரண்டாவது பொய். கடையை மாற்றியிருக்கலாம், ஆனால் ஸ்டேட்மென்ட்டில் புதுப் பெயர் வந்தால் உதயகுமார் கேட்பான். பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பரும் புண்ணுக்குப் போடும் மருந்தும் வேறு கடையில் என் காசில் வாங்கினேன். அண்ணனுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. துடைத்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன், திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகில் புண் வந்தது உண்மைதான். வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டால் அவர் கத்த ஆரம்பித்தார். அந்த நேரங்களில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பக்கத்து வீட்டு அக்பர் பாய் ஒரு நாள், அண்ணனுக்குக் காது இன்னும் மோசமாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது உதயகுமார் அனுப்பியிருந்த செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அங்கேயும் இப்போது வெயில் கொளுத்துகிறதாம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். அண்ணன் கஞ்சியை விழுங்காமல் என்னையே பார்த்தார்.

“அவன் எம்புள்ளை, பரசு” என்றார்.

ஆமாண்ணா என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. ஆடி பிறந்து சில நாளில் காலையில் காபி எடுத்துக்கொண்டு போனபோது போயிருந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். வயதானவர், தூக்கத்தில் போய்விட்டார் என்றால் யாரும் துருவியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று பால் வாங்க வேண்டியிருந்தது. டேனியல் கடைக்குப் போய்க் கார்டைத் தேய்த்தேன். ரசீது வந்ததும் மனசு அமைதியானது. உதயகுமாரின் அப்பா காலையில் பால் வாங்கிவிட்டார்.

அந்த வீடு முன்பு நெசவாளர் வீடு. கூடத்தை ஒட்டிய அறையில் தறிக்குழி இருந்தது, நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொள்ளும் குழி. அண்ணன் அதைப் பலகை போட்டு மூடி, மேலே ஸ்டூடியோவின் பழைய திரைகளைச் சுருட்டி வைத்திருந்தார். நான் அதை ஆழப்படுத்தினேன். உப்பும் மணலும் போட்டு, மேலே சிமென்ட் பூசினேன். பழைய திரைகளில் ஒன்றில்தான் அவரைச் சுற்றினேன். மலையும் ஏரியும் வரைந்தது. அவருக்கு அது பிடிக்கும்.

அண்ணன் மகனிடம் போய்விட்டார், வீட்டுச் செலவுக்குக் கார்டை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார் என்று தெருவில் சொன்னேன். மூன்றாவது பொய். தெருவுக்கு அவர் கனடாவில் இருந்தார். கனடாவுக்கு அவர் தெருவில் இருந்தார். இரண்டு பக்கமும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த மாதங்கள் நன்றாகவே போயின. உதயகுமார் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, முன்பைவிட அதிகமாக எழுதினான். மேலதிகாரியோடு சண்டை, மனைவி பிரிந்து போனது, தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது. அப்பாவிடம் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுத்தில் சொன்னான். நான் பதில் எழுதினேன். சோற்றை வடிக்காமல் பொங்கச் சொன்னேன். அவளைத் திட்டாதே, நீ ஒரு தடவை நேரில் போய்ப் பேசு என்று எழுதினேன். அவனும் போய்ப் பேசினான். பெற்றவர் செய்யாததைத்தான் நான் செய்தேன்.

கார்த்திகையில் அவன் பிறந்தநாள். ஒரு பட்டு வேட்டி வாங்கி கூரியரில் அனுப்பினேன். அது கிடைத்ததும் அவன் எழுதியதை நீங்கள் அந்தப் போனில் படித்திருப்பீர்கள். நான் பிறந்ததிலிருந்து நீங்களாக எனக்கு எதுவும் வாங்கித் தந்ததில்லை, கட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அழுதேன் என்று எழுதியிருந்தான். நானும் அழுதேன்.

மார்கழியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அப்பாவை ஆச்சரியப்படுத்த நினைத்தானாம். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான். வேட்டி அவனுக்கு நன்றாக இருந்தது, உயரத்துக்குச் சரியாக இருந்தது.

“அப்பா எங்க, அங்கிள்?” என்றான்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அவனிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்த அறைக்கு அழைத்துப் போய்த் தரையைக் காட்டினேன். எப்போது என்று கேட்டான். ஆடியில் என்றேன். பிறகு கேட்டான்.

“அப்ப இந்த வேட்டி?”

“நான்தான்பா வாங்குனேன்.”

அவன் சிமென்ட்டைப் பார்க்கவில்லை. வேட்டிக் கரையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான். பிறகு வெளியே போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான்.

அவன் டவுன்லோட் செய்து வைத்திருந்த தாள்களை நேற்று என் முன்னால் வைத்தீர்கள். கம்ப்யூட்டரில் அவற்றைத் தனியாக, அப்பா என்று பெயர் போட்டு வைத்திருந்தானாம். அவற்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பால், மருந்து, பழம், பேக்கரி என்று வரிசையாக இருந்தது. எந்த இடத்தில் ஒருவர் இறந்துபோனார் என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்களும் கண்டுபிடிக்கவில்லை, ஆடி மாதத் தாளை நான்தான் எடுத்துக் காட்டினேன்.

அப்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. 108-க்குக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ரூபாய் வாங்கமாட்டார்கள், ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி வந்திருக்காது, அது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். என் மனைவியை அப்படித்தான் கொண்டு போனேன். அண்ணன் கத்திய எல்லா நாட்களிலும் தெரியும். அவர் பிழைத்து எழுந்தால் பேசுவார், பேசினால் போன் மறுபடி அவர் கைக்குப் போய்விடும். அதனால் கூப்பிடவில்லை. அவர் சாவார் என்று தெரிந்தே கூப்பிடவில்லை. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை உதயகுமாரை இங்கே ஸ்டேஷன் வராண்டாவில் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை, மேடம். பிள்ளைகளுக்கு அப்பா மேல் கோபம் வரும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.