அரை இஞ்சு முன்னால

இல்லைங்கண்ணே, புதுசு வேணாம். புதுசு வாங்கறதா இருந்தா கடைக்கே போயிருப்பேனே, உங்க பட்டறையைத் தேடிக்கிட்டு ஏன் வர்றேன்? இதைத்தான் ஒட்டணும். இருங்க, துணியைப் பிரிக்கிறேன். பாத்து, கையை வெச்சுராதீங்க, விளிம்பு கூரு. ரெண்டே துண்டுதான். இது அலகு, இது பிடி. வெல்டு வெச்சா நிக்குமா?

நிக்காதா? ஒரு பொட்டு வெச்சாக்கூடவா? நான் என்ன ஆட்டையா வெட்டப் போறேன். இனிமே இதை வெச்சு யாரும் ஒரு தக்காளிகூட நறுக்கப் போறதில்லை. பாக்க முழுசா இருந்தாப் போதும்ணே. உடைஞ்ச எடம் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

யாரு செஞ்சதுன்னா கேக்கறீங்க? நான்தான். ஆமா, இதே கைதான். சிரிச்சுக்குங்க, பரவாயில்லை. நான் பத்திரப் பதிவு ஆபீஸ்ல முத்திரை குத்தறவன். எங்க வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னா பொண்டாட்டிதான் ஏறி அடிப்பா, நான் கீழ ஸ்டூலைப் பிடிச்சுக்குவேன். அந்த லட்சணம்.

எல்லாம் எங்க மாப்பிள்ளையால வந்தது. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, என் வாயால வந்தது. மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி வீட்டுக்காரர். லேத்து பட்டறைல இருவத்தஞ்சு வருஷம். இரும்பைத் தொட்டுப் பாத்தே அதுக்கு ஜாதகம் எழுதிருவார். என்னை ஓட்டறதுன்னா அவருக்கு அவ்வளவு இஷ்டம். நாலு பேர் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது, மச்சானுக்குப் பேனா மூடியைக் கழட்டவே ஸ்பானர் வேணும்பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். கெட்ட மனுசன் இல்லைங்க, விளையாட்டுக்குத்தான். எனக்குத்தான் உள்ள எங்கேயோ சுருக்குன்னு இருக்கும். அப்படி ஒரு நாள் அவர் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள, தங்கச்சி பொறந்த நாளுக்கு நானே என் கையால கத்தி செஞ்சு தர்றேன், பாருங்கன்னுட்டேன். நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

பழைய அரத்துல செஞ்சதுண்ணே. அது நல்ல உருக்குன்னு கத்தி செய்யற வீடியோல ஒருத்தன் சொன்னான். தண்ணித் தொட்டிக்குப் பின்னால செங்கல்லை அடுக்கி, கரி போட்டு, பொண்டாட்டியோட ஹேர் டிரையரை வெச்சுத்தான் ஊதினேன். அது அன்னையோட போச்சு, அது வேற கதை. அரத்தைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பல்ல பொதைச்சு ஆற வெச்சேன், இளகட்டும்னு. அப்புறம் இன்னொரு அரத்தால ராவினேன். மூணு ஞாயித்துக்கிழமை முழுக்க ராவினேன். கை காச்சுப்போச்சு. ஆபீஸ்ல முத்திரையைப் பிடிக்க முடியலை, ஆனா சந்தோஷம் தாங்கலை. முதல் தடவையா வாழ்க்கைல ஒரு பொருள் என் கைக்கு வசப்பட்டு வருது.

கடைசில மறுபடி பழுக்கக் காய்ச்சி முக்கணும் இல்லியா, எண்ணெய்லதான் முக்கணும்னு எனக்கும் தெரியும்ணே. சமையக்கட்டுல இருந்த எண்ணெயைத் தொட்டா நீயும் கத்தியும் தெருவுலதான்னுட்டா பொண்டாட்டி. போய் வாங்கிட்டு வரலாம். ஆனா கரி கனிஞ்சு நிக்குது, இரும்பு செக்கச்செவேல்னு இருக்கு, காந்தம் ஒட்டலை, அதான் பதம்னு சொல்லியிருக்கான். பக்கத்துல வாளில தண்ணி இருந்துது.

தெரியும். தெரியும்ணே, தண்ணில முக்கக் கூடாதுதான்.

சத்தமா? என்ன சத்தம்? புஸ்ஸுன்னு ஆவி வந்துது. வேற ஒண்ணும் கேக்கலை. கேட்ட ஞாபகம் இல்லை.

அப்புறம் மொறை தப்பலைங்க. உருக்கோட வெறைப்பு அடங்கட்டும்னு ரொட்டி சுடற ஓவன்ல ரெண்டு மணி நேரம் வெச்சு எடுத்தேன். வைக்கோல் நெறம் வந்துது. உடைஞ்ச நாற்காலிக் காலை அறுத்துப் பிடி போட்டேன். பசை வெச்சு, ரிவிட் அடிச்சு. அந்தப் பிடியைத்தான் எல்லாரும் தடவித் தடவிப் பாத்தாங்க. மாப்பிள்ளை கைல வாங்கி, ரெண்டு தடவை தூக்கிப் பாத்து, மச்சான், பிடியை ஒரு அரை இஞ்சு முன்னால இழுத்து விட்டிருக்கீங்களே, கைக்கு அடக்கமா இருக்கு, இந்த யோசனை எப்படி வந்துதுன்னார். அவர் வாயால. நான் என்ன சொல்வேன், சும்மா தோணுச்சுன்னேன். அன்னைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடே எறங்கலை. பொண்டாட்டி சந்தோஷத்துலன்னு நெனச்சுக்கிட்டா.

தங்கச்சிக்குப் பெருமை தாங்கலை. வேற கத்தியையே தொட மாட்டா. தெருவுல வர்றவ போறவகிட்டல்லாம் எங்கண்ணன் செஞ்சது, எங்கண்ணன் செஞ்சதுன்னு. டெய்லர்ணே அவ. தெருமுனைல சின்னக் கடை. ஜாக்கெட்டு தெக்கணும்னா அந்த ஏரியாவே அவகிட்டதான். இந்தத் துணிகூட அவ கடைல வெட்டின மிச்சம்தான்.

பூசணிக்காய் நறுக்கியிருக்கா. சிரிக்காதீங்க. பாதி எறங்கிக் கத்தி மாட்டிக்கிச்சு. வலது கையால பிடியை அமுக்கி லேசாத் திருகியிருக்கா, யாரு திருக மாட்டாங்க? அலகு உடைஞ்சு பிடி மட்டும் கையோட வந்துருச்சு. அமுக்கின வேகத்துல கை நேரா, காய்ல குத்திக்கிட்டு நின்ன உடைஞ்ச முனை மேல போய் விழுந்துருச்சு. ரெண்டு விரலுக்கு நரம்பு அறுந்துபோச்சு. தெச்சிருக்காங்க. சுட்டு விரலும் நடு விரலும் மடங்க மாட்டேங்குது. மடங்கும், ஆனா பழையபடி வருமான்னு கேக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். கத்திரிக்கோல் பிடிக்கிற விரல்ணே அது.

ஆஸ்பத்திரில அவ முதல்ல என்ன சொன்னா தெரியுமா? அண்ணா, உன் கத்தியை உடைச்சிட்டேன், மன்னிச்சுக்கன்னா. கைக் கட்டுல ரத்தம் ஊறிக்கிட்டிருக்கு, என்கிட்ட மன்னிப்பு கேக்கறா. மாப்பிள்ளை வேற, கத்தியைக் கடப்பாரையாட்டம் திருகினா உடையாம என்ன பண்ணும், மனுசன் எவ்வளவு ஆசையா செஞ்சு குடுத்தான்னு அவளைத் திட்டறார். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் பக்கத்துலயே நிக்கிறேன். இதோ, உங்களுக்கும் எனக்கும் இருக்கற தூரம்தான். வாயைத் திறக்கலைங்க. பிளாஸ்க் எடுத்துக்கிட்டு காபி வாங்கப் போயிட்டேன்.

அன்னைக்கே அவங்க வீட்டுக்குப் போய்த் துண்டு ரெண்டையும் நான்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன். இப்ப என்னடான்னா, அதை எடுத்துட்டு வாங்க மச்சான், நானே பட்டறைல வெச்சு ஒட்டித் தர்றேன்னு மாப்பிள்ளை நேத்துல இருந்து நிக்கிறார். அவளுக்கும் அதான் ஆசை. உடைச்சதைச் சரிபண்ணிட்டா மனசு ஆறுமாம். சாயங்காலம் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். அதான் அதுக்கு முன்னாடி உங்ககிட்ட.

என்னண்ணே, வெளிச்சத்துல கொண்டுபோய் அப்படிப் பாக்கறீங்க? உடைஞ்ச எடத்துல இருக்கற அந்தக் கறுப்பா? எண்ணெயா இருக்கும். இல்லை, பூசணிக்காய்ச் சாறு பட்டு... ஆமா, மிச்சமெல்லாம் வெள்ளையா பளபளன்னுதான் இருக்கு. அங்க மட்டும் நெகம் அளவுக்குக் கறுப்பு.

சரிண்ணே, ஒட்ட வேணாம். ஒரு சின்ன உதவி. அந்தக் கறுப்பை மட்டும் சாணைல குடுத்து எடுத்து விட்டுருங்க. ஒரு தேய்ப்புதான். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கட்டும். அவர் பாத்தா தெரிஞ்சுரும், அதுக்குத்தான். புதுசா உடைஞ்சது எது, ஓவனுக்குள்ள போறதுக்கு முன்னாடியே விரிசல் விட்டுக் கெடந்து சூட்டுல கறுத்தது எதுன்னு அவருக்குத் தெரியாதா? உங்களுக்கே பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு.

டிக்னு கேட்டுதுண்ணே. தண்ணில முக்கினப்போ. பல்லி சொன்ன மாதிரி ஒரே ஒரு சத்தம். பாலிஷ் போட்டப்போதான் பாத்தேன், பிடி ஆரம்பிக்கிற எடத்துல ஒரு கோடு. முடி ஒட்டியிருக்குன்னு நெனச்சு ஊதினேன். போகலை. நகத்தால சொரண்டினேன். மறுநாள் பொறந்த நாள். வேற செய்ய நேரம் இல்லை, உடைஞ்சுபோச்சுன்னு சொன்னா அந்தப் பேனா மூடி கதையை அவர் சாகறவரைக்கும் சொல்வார். அதனால பிடியை அரை இஞ்சு முன்னால தள்ளிப் போட்டேன். கோடு உள்ள போயிருச்சு.

ஏண்ணே, மிஷினைப் போட்டீங்க, ஏன் நிறுத்திட்டீங்க? ஏதாவது திட்டவாவது செய்யுங்க.

சரி. குடுங்க. தேய்க்க வேணாம். என்னால அவ மூஞ்சியைப் பாத்து வாயைத் திறந்து சொல்ல முடியும்னு தோணலை, அன்னைக்கு அவ்வளவு பக்கத்துல நின்னும் முடியலை. அதனால நீங்களே அந்தத் துணில சுத்திக் குடுத்துருங்க. பிரிச்சதும் கறுப்பு மேல தெரியற மாதிரி வெச்சுச் சுத்துங்க. பக்கத்துல மாப்பிள்ளை இருப்பார், அது என்னன்னு அவரே அவளுக்குச் சொல்லிருவார். ஆங், அப்படித்தான். முடிச்சு வேணாம்ணே, சும்மா மடிச்சு விடுங்க. அவ இடது கையால பிரிக்கணும்.