நூத்திப்பதினெட்டு

— கையை எடு மாமா அந்தப் போன் மேலேர்ந்து. வாணாம்னா வாணாம். வந்து செருப்பைக் கூட கழட்டல, அதுக்குள்ள அப்டேட்டு அப்டேட்டுன்னு ஆரம்பிச்சிட்டியா?

— எடுத்துட்டேன் தாயே, எடுத்துட்டேன். இந்தா, நீயே வச்சுக்கோ. நூத்திப்பதினெட்டு. அம்புக்குறி நேரா நிக்குது. திருப்தியா துர்கா?

— நூத்திப்பதினெட்டு. அப்பாடா! இப்ப தான் மாமா எனக்கு மூச்சே வருது. கலியாணசுந்தரம் முதலாளி நான் நெய்ஞ்ச சேலையை விரிச்சு வச்சிக்கினு கரையைப் பார்க்கறாரு, முந்தியைப் பார்க்கறாரு, ஒரு மணி நேரமா விடல. நான் போன் இல்லாத என் வெறுங்கையைப் பார்த்துக்கினு நிக்கறேன். புள்ள எங்க?

— உள்ள தூங்கறா. பரீட்சை லீவு ஆச்சே, காலையிலேர்ந்து ஒரே ஆட்டம். சாப்பிட்டா, படுத்தா.

— போனை அவ பக்கத்துலயே வச்சிருந்தியா? அந்தாண்ட இந்தாண்ட தூக்கிக்கினு போவலையே?

— எங்கயும் போவல. அவ கையில ஒட்டியிருக்கற சென்சாருக்கும் இந்தப் போனுக்கும் நடுவுல ஒரு செவுரு தான் இருக்குது. சக்கரை நம்பரு தாராளமா வரும். சிம்பிள் மேட்டரு.

— உனக்கு எது தான் சிம்பிள் மேட்டரு இல்ல? ஒம்போது வயசுப் பொண்ணுக்கு தினம் நாலு ஊசி போடறதும் சிம்பிள் மேட்டரு தான்.

— சண்டைக்கு வராத. கம்பெனி பஸ்ஸு மூணு இருபதுக்கு செவிலிமேட்டுக்கு வந்துடும். நான் இந்த வாரம் பூரா செகண்ட் ஷிப்டு. அதுக்குள்ள பேசி முடிச்சிடலாம். எட்டு நாளா இந்தப் போன் கெஞ்சிக்கினு இருக்குது, செக்யூரிட்டி அப்டேட்டு போடு போடுன்னு. நீ 'அப்புறம்', 'அப்புறம்'னே அமுக்கிக்கினு இருக்கற.

— நூறு நாள் கெஞ்சினாலும் 'அப்புறம்' தான்.

— எதிர்வீட்டு ஜெயக்குமாருக்கு இன்னா ஆச்சுன்னு பார்த்தல்ல? வாட்ஸப்புல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. தறிக்காரன் போனுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தா எவன் சந்தேகப்படுவான்? யார் வீட்டு முகூர்த்தமோ, சேலைக்கு ஆர்டராச்சேன்னு தொட்டான். அவ்ளோ தான். எவனோ உள்ள பூந்துட்டான். ரெண்டு நாளு அந்தப் போன் வெறும் கல்லு. தொட்டா அசையல.

— ஊர் பேர் தெரியாதவன் அனுப்பினத அவன் ஏன் தொட்டான்?

— நீ தொட மாட்டியா? முதலாளி குரூப்புல ஒரு நாளைக்கு நாப்பது படம் வருது. கரை, புட்டா, பத்திரிகை. ஒன்னு விடாம தொட்டுத் தொட்டுத் தானே பார்க்கற? ஒரு நாளைக்கு உன் போனும் கல்லாச்சுன்னு வை. அபி நம்பரை எங்க போய்ப் பார்ப்ப?

— அப்படிச் சொல்லாத மாமா. வாயைக் கழுவு.

— சொல்லுவேன். அந்த ஓட்டையை அடைக்கறதுக்குப் பேரு தான் அப்டேட்டு.

— ஐப்பசி மாசம் அடைச்சியே ஒரு ஓட்டை, அது ஞாபகம் இருக்குதா?

— அத்த ஏன் இப்ப இழுக்கற?

— இழுப்பேன். அன்னிக்கும் இதே வாய் தான், சிம்பிள் மேட்டருன்னு. ராத்திரி போட்ட. போட்டதுல அலாரம் அமுங்கிப் போச்சு, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலையில நான் தறிக்குழியில காலை விட்டுக்கினு நெய்யறேன், பொண்ணு அசந்து தூங்கறாளேன்னு சந்தோஷமா வேற இருக்குது எனக்கு. தூக்கமா அது? போய்த் தொட்டா உடம்பு ஜில்லுன்னு வேர்த்துக் கிடக்குது. பல்லு கிட்டிச்சிப் போச்சு. நம்பரு நாப்பத்தொன்னு. நாப்பத்தொன்னு மாமா!

— தெரியும்மா. ஆட்டோவுல என் மடியில தானே இருந்தா.

— அதுக்கு முன்னாடி நடந்தது உனக்குத் தெரியாது. நீ ஆட்டோ பிடிக்க ஓடிட்ட. நான் தேனைத் தொட்டு ஈறுல தேய்க்கறேன், தேய்க்கறேன், பொணம் மாதிரி கிடக்கறா. எவ்ளோ நேரம் கழிச்சோ என் விரலைக் கடிச்சா பாரு. ரத்தம் வர்ற மாதிரி கடிச்சா. அப்ப தான் எனக்கு உசுரே வந்துச்சு. இந்தா, தழும்பு இன்னும் இருக்குது. தறியில நாடாவைத் தள்ளறப்ப எல்லாம் இது தான் கண்ணுல படும்.

— எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? வேலைக்கு உள்ள போறப்ப போனை லாக்கருல வச்சிடணும். எட்டு மணி நேரம் எனக்கு ஒரு சேதியும் தெரியாது. நீ பார்த்துக்குவன்னு ஒரு தைரியம், அதுல தான் நிக்கறேன். அந்தப் போனை எவனாவது முடக்கிட்டா? அத்த நெனச்சா எனக்குத் தூக்கம் வரல துர்கா.

— சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது எவ்ளோ நேரம் பிடிக்கும்?

— இருபது நிமிஷம். மிஞ்சினா இருபத்தஞ்சு.

— அது வரைக்கும் போன் அணைஞ்சு கிடக்கும். நம்பரு தெரியாது.

— ஆமா.

— இருபது தடவை நாடா ஓட்டினா ஒரு தடவை நம்பரைப் பார்க்கறவ நான். கோயிலுக்குப் போனாலும் சாமியை ஒரு கண்ணு, போனை ஒரு கண்ணு. இருபத்தஞ்சு நிமிஷம் நம்பரு தெரியாம நான் எப்படி மாமா இருப்பேன்?

— மிஷின்ல விரலைக் குத்திப் பாரு.

— எத்தனை தடவை குத்த? அந்தப் பிஞ்சு விரல்ல குத்தாத இடம் எங்க இருக்குது? அத்த நிறுத்தத் தானே கையில சென்சாரை ஒட்டினோம்? இதோ பாரு, காலையில ஆஸ்பத்திரி மேரி சிஸ்டருக்குப் போன் பண்ணி கேட்டேன். சென்சார்காரங்களைக் கேட்டுட்டு வியாழக்கெழமை சொல்றேன், அதுவரைக்கும் அப்டேட்டைத் தொடாதீங்க, வேல்முருகன் சார்கிட்டயும் சொல்லி வைங்கன்னு அது கண்டிஷனா சொல்லிச்சு.

— காலையிலயா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— நீ தூங்கிக்கினு இருந்த. எழுந்ததும் சொல்லணும்னு தான் இருந்தேன், சேலை மடிக்கற அவசரத்துல மறந்துட்டேன். ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— ஒன்னுமில்ல. வேர்க்குது. ஃபேனைப் பெருசா வை.

— பெருசா தான் சுத்துது.

— அந்த சிஸ்டரு இருக்குதே, எல்லாத்துக்கும் பயப்படும். வியாழக்கெழமை வரைக்கும் ஊர்ல திருடன் சும்மா இருப்பானா?

— அவன் இருக்கானோ இல்லையோ, நீ இருக்கணும். அதுவும் இப்ப பேசவே பேசாத. மணி மூணாவப் போவுது. செவ்வாக்கெழமை, ராகு காலம். புதுப் பாவு பிணைக்கறவன் எவனாவது ராகு காலத்துல உக்காருவானா? பழைய பாவுல ஒவ்வொரு இழையா எடுத்து, புதுப் பாவுல ஒவ்வொரு இழையோட முறுக்கிக்கினே போவணும். ஒன்னு விட்டுப் போச்சுன்னா அப்ப தெரியாது. நெய்ய உக்காந்தப்புறம் தான் தெரியும். உன் அப்டேட்டும் அது மாதிரி தான்.

— அப்டேட்டுக்கு ராகு காலம் பார்க்கற ஒரே ஆளு நீ தான்.

— பார்ப்பேன். குளிகையும் பார்ப்பேன். குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். ஐப்பசியில நடந்தது ஒரு தடவை போதும் எனக்கு.

— குளிகை தான் ஒன்றரைக்கே முடிஞ்சிடுச்சே.

— ஆமா. நீ எப்பலேர்ந்து காலண்டரைக் கிழிச்சுப் படிக்க ஆரம்பிச்ச?

— சும்மா, கண்ணுல பட்டுச்சு.

— சரி, அத்த விடு. புள்ள தட்டைக் காலி பண்ணாளா? முழுத் தட்டு சோத்துக்கும் சேர்த்து ஊசி போட்டுட்டுப் போனேன்.

— பாதி சாப்பிட்டா.

— பாதியா? அய்யோ, இத்த தானே மாமா மொதல்ல சொல்லணும்!

— கத்திரிக்காயைப் பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சா. கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். தூக்கம் வருதுப்பான்னு படுத்துட்டா. எனக்கும் பக்குன்னு தான் இருந்துச்சு. நம்பரைப் பார்த்தேன், நூத்திப்பதினெட்டு. அரை மணி கழிச்சுப் பார்த்தேன், நூத்திப்பதினெட்டு. நீ உள்ள நுழையறப்பவும் அதே. ஒரு புள்ளி இறங்கல.

— முழு ஊசிக்குப் பாதிச் சோறுன்னா இறங்கணுமே.

— இறங்கலையே! உன் கையில தானே இருக்குது போன், பாரு. இறங்கினா அலாரம் ஊரைக் கூட்டாதா?

— ம். நூத்திப்பதினெட்டு தான். ஓடியாடி விளையாடின புள்ள வேற. எதுக்கும் எழுப்பி ஒரு வாழைப்பழம் குடுத்துடறேன்.

— இரு துர்கா. அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். கத்தக் கூடாது.

— இன்னா?

— அபி மேல சத்தியமா, நல்லதுக்குத் தான்...

— என் பொண்ணு மேல சத்தியம் வைக்காத! இன்னா பண்ண? சொல்லு.

— போட்டுட்டேன்.

— இன்னாத்த?

— அப்டேட்டு. நீ சேலை எடுத்துக்கினு போனப்புறம். சிஸ்டரு சொன்னது எனக்குத் தெரியாதும்மா, சாமி சத்தியமா தெரியாது. நீ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு குளிகை முடியற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கினே உக்காந்திருந்தேன். ஒன்றரை தாண்டினதும் அமுக்கினேன். இருபத்திரண்டு நிமிஷத்துல போன் எழுந்துடுச்சு. அலாரம் சத்தத்தை முழுசா வச்சேன். ஐப்பசியில பண்ண தப்பை இந்தத் தடவை பண்ணல. ஒன்னுமே ஆவல பாரு! நீயா சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு தான்...

— ஒன்றரைக்கு.

— ஆமா. திட்டணும்னா திட்டிடு. அப்படி நிக்காத.

— போன் எழுந்தப்புறம் அந்தச் சக்கரை ஆப்பைத் தொறந்தியா?

— எதுக்குத் தொறக்கணும்? நம்பரு தான் முதல் பக்கத்துலயே பெருசா நிக்குதே.

— நிக்குது மாமா. நின்னுக்கினே இருக்குது. நேத்து இதே நேரம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறிச்சு. நூத்திப் பத்து, நூத்தி ஆறு, நூத்திப் பன்னெண்டு. ஓடற புள்ளைக்கு நம்பரு ஓடும். இது நான் வந்ததுலேர்ந்து அசையல.

— இன்னா சொல்ற நீ?

— நம்பருக்கு அடியில பொடி எழுத்துல ஒரு மணி போட்டிருக்கும். கடைசியா எப்ப சென்சார்லேர்ந்து வந்துச்சுன்னு.

— இன்னா மணி போட்டிருக்குது? துர்கா, வாயைத் தொறந்து சொல்லு!

— ஒன்னு இருபத்தொம்போது.

— அது... அது நான் அமுக்கறதுக்கு முன்னாடி.

— இப்ப மணி மூணு. போன் தான் எழுந்துச்சு, ஆப்பு எழல. அபி! ஏய் அபி! எழுந்துருடி!

— கதவை நல்லாத் தொற. லைட்டைப் போடு. இன்னா, எழுந்துட்டாளா?

— மாமா, ஜில்லுன்னு இருக்குது மாமா! தலைகாணி பூரா வேர்வை! தேனை எடு, அடுப்பு மேடையில, நீல டப்பா பக்கத்துல!

— இந்தா, இந்தா! கீழ சிந்திடுச்சு, பரவாயில்ல, விரலை விட்டு எடு. குடிக்க இன்னா குடுக்க, சக்கரைத் தண்ணி கலக்கவா?

— வாணாம், ஊத்தாத, பொரை ஏறிடும். பல்லு கிட்டிச்சிருக்குது. நூத்தியெட்டுக்குப் போன் போடு. அபிம்மா, அம்மாடி, கண்ணைத் தொறடி தங்கம்.

— போட்டுட்டேன், மணி அடிக்குது. அய்யோ துர்கா, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தேனே, இவளைப் பார்க்காம விட்டுட்டேனே...

— அழாத! அப்புறம் அழுவலாம். இன்னும் கொஞ்சம் தேனு ஊத்து என் விரல்ல.

— ஹலோ! ஹலோ! செவிலிமேடு சார், ஒம்போது வயசு, சக்கரை இறங்கிப் போச்சு சார். மூச்சு இருக்குதான்னு கேக்கறாங்க துர்கா!

— இருக்குது. மெதுவா இருக்குது. ஈறுல தேய்ச்சிக்கினு தான் இருக்கேன். இன்னும் ஒன்னும் அசையல.

— வந்துக்கினு இருக்காங்களாம், பத்து நிமிஷமாம். நிறுத்தாத, தேய்ச்சிக்கினே இரு. தேய்ம்மா. சாமி, என் தப்பு, என் மேல போடு, அவளை விட்டுடு.

— மாமா.

— இன்னா? இன்னா ஆச்சு? ஏன் அழற? துர்கா!

— கடிக்கறா மாமா! விரலைக் கடிக்கறா!