உத்திராபதியும் ஒன்பது கடைகளும்

வர்த்தகர் சங்கத் தலைவர் மதிப்பிற்குரிய வைத்தியலிங்கம் அவர்களே, மறைந்தவரின் குடும்பத்தின் சார்பில் மேடையில் அமர்ந்திருக்கும் அவருடைய மைத்துனர் இளையபெருமாள் அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்து இடம் போதாமல் வாசலிலும் நின்றுகொண்டிருக்கும் வியாபாரப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். அங்கே கேட்கிறவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அழுகிறவர்கள் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. ஆனால் தலைவர் நேற்று வீட்டுக்கு வந்து, "நீங்க பேசுங்கம்மா, எங்க யாருக்கும் தொண்டையில சத்தம் வரல" என்றார். மறுக்க முடியவில்லை.

உத்திராபதி அவர்களுக்கு இந்தச் சங்கம் போன வருடம் 'வணிகர் வழிகாட்டி' என்று பட்டம் கொடுத்தது. இதே மேடைதான். சால்வையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "வழி காட்டிட்டேம்மா, யாரும் நடக்க மாட்டேங்குறாங்களே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இன்று அந்தப் பேச்சை நினைத்தால் சிரிப்பு வருமா?

அவர் யார்? கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்தவர். பண்டகசாலைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று அவரை மதராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் படித்துவிட்டுத் திரும்பினார். கம்ப்யூட்டர் வரவே இல்லை. கற்றுக்கொண்டதை என்ன செய்வது? ஓய்வு பெற்ற மறுமாதமே இந்தச் சங்கத்தின் படியேறி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்க வைத்து, மாடி அறையில் மாலை வகுப்பு தொடங்கினார். யாருக்கு? வங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கா? இல்லை. விழிதியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் லோகாம்பாளுக்கு. கருக்களாச்சேரியில் பெட்டிக்கடையை மளிகையாக வளர்த்த முத்தையனுக்கு. காரைக்காலிலேயே கடை நடத்தும் ஆஸியா பீவிக்கு. இப்படி ஒன்பது சின்னக் கடைக்காரர்களுக்கு.

வகுப்பு பயன்படுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி சங்கம் என்னைக் கேட்டது. நான் வாரத்துக்கு ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நம்பிக்கையோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். பருப்பும் புளியும் விற்கிறவர்களுக்கு எதற்கு இந்தப் பெட்டி என்றுதான் நினைத்தேன். அந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் நான் கண்டதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஒரு நாள் அவர் லோகாம்பாளிடம் கேட்டார்: "இந்த வாரம் ஒங்க கடையில வந்து கேட்டு, நீங்க இல்லைன்னு அனுப்புன சாமான் என்னென்ன? சொல்லுங்க."

"கடையில ஒக்காந்துகிட்டு இல்லைங்கிற வார்த்தையைச் சொல்லுவாங்களா சார்? லட்சுமி இருக்குற எடம்."

"சரி, என்னதான் சொல்லுவீங்க?"

"நாளைக்கு வருதுன்னு சொல்லுவேன்."

"அக்கா கடையில ஸ்டவ் பின்னு ஒரு வருசமா நாளைக்கு வந்துகிட்டே இருக்கு சார்" என்றார் முத்தையன்.

"ஒன் கடைக்கு மட்டும் எல்லாம் வந்து குமிஞ்சிடிச்சாக்கும்!" என்றார் லோகாம்பாள்.

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பி, திரையில் 'நாளைக்கு வருவது' என்று ஒரு தலைப்புப் போட்டார். கடையில் இருப்பதை எண்ணுவது எல்லோருக்கும் தெரியும். கேட்டு ஏமாந்து போனவர்களை எண்ணுங்கள் என்றார். எண்ணினார்கள். விழிதியூர்க் கடைக்கு ஸ்டவ் அடைப்புக் குத்தும் பின் வந்தது. பின் வாங்க வந்தவர்கள் திரியும் தீப்பெட்டியும் சோப்பும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதாதா என்று நான் கேட்டேன். "தாள்ல எழுதினா மடிச்சு டப்பாவுக்கு அடியில வச்சிடுவாங்கம்மா. இதுல பச்சை எழுத்துல வந்தா நாலு பேர் நின்னு பாக்குறாங்க, அப்பறம் ரோசம் வருது" என்றார். பொருளாதாரம் படித்தவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனால் பின் விற்றது!

ஒரே ஒரு விஷயத்தில் அந்தப் பெட்டி அவசியம் என்பதை நான் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறேன். அதுதான் கூட்டு ஆர்டர்.

லாரியில் சரக்கு இறக்கும் பெரிய கடைகளோடு ஒரு மூட்டை, அரை மூட்டை வாங்குகிறவர்கள் எப்படிப் போட்டி போடுவது? ஒன்பது கடையும் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் பெரிய கடைக்குக் கிடைக்கிற விலை இவர்களுக்கும் கிடைக்கும். இது எவருக்கும் புரியும். பிறகு ஏன் இத்தனை வருடமாகச் செய்யவில்லை? ஏனென்றால் ஒரு கடைக்காரர் தம் கணக்கை இன்னொரு கடைக்காரரிடம் சொல்ல மாட்டார். ஆஸியா பீவி என்னிடமே சொன்னார்: "எங்க வாப்பா காலத்துலேர்ந்து சீனி எத்தன மூட்டை போவுதுன்னு வீட்டு மனுசருக்கே சொன்னதில்லம்மா. எதிர்க்கடைக்காரனுக்குச் சொல்லுவேனா?"

உத்திராபதி அவர்கள் கண்டுபிடித்த வழி இதுதான். ஒவ்வொருவரும் தனியாக வந்து தம் தேவையைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டியது. அது கூட்டி மொத்தத்தை மட்டும் காட்டும். யாருடையது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. "மெஷினுக்கு எதிர்க்கடை கிடையாது" என்பார். நம்பினார்கள். மெஷினை நம்பினார்களா, அவரை நம்பினார்களா? அவரைத்தான். தாமே தட்டாமல் ஒவ்வொருவராகக் குனிந்து அவர் காதில் கணக்கைச் சொன்னார்கள். அவர் தட்டினார்.

தட்டுவார், ஆனால் கடைசி வேலையை மட்டும் செய்ய மாட்டார். திரையில் இருப்பதை ஃப்ளாப்பி என்ற தகட்டில் ஏற்றினால்தான் அது நிலைக்கும். ஏற்றாவிட்டால், மின்சாரம் போனதும் எல்லாம் போய்விடும். அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கற்றுக்கொடுத்திருந்தார். எல்லோருக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் இருந்து பார்த்த நான் சொல்கிறேன், ஒன்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் தொட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் உங்களைக் கெஞ்சிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கடைசியில் அவரே ஏற்றும்படி ஆகிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை தீபாவளி ஆர்டர். நான் அங்கே இருந்தேன். ஒன்பது கடையின் கணக்கும் உள்ளே போய் முடிந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"லோகாம்பா, வாங்க. ஏத்துங்க."

"நீங்களே ஏத்திடுங்க சார். நான் தொட்டு ஏதாச்சும் ஆயிடிச்சுன்னா ஒம்போது வீட்டுப் பொழப்பு."

"முத்தையன்?"

"நானா? அக்காவே பயப்படுது சார்."

"கடலுக்குப் போற ஊருல பொறந்தவன், இதுக்குப் போயி நடுங்குறான் பாருங்க!" என்றார் லோகாம்பாள்.

"கடல்ல விழுந்தா நீந்தி வந்துடலாம் அக்கா. இதுக்குள்ள விழுந்தா எந்தப் பக்கம் நீந்துறது?"

உத்திராபதி அவர்களும் சிரித்தார். "இன்னைக்கு நான் தொட மாட்டேன். நீங்க யாராச்சும் வர்ற வரைக்கும் இப்படியேதான் ஒக்காந்திருப்பேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தலை ஒரு பக்கம் சரிந்தது. "சார் தூங்குற மாதிரி நடிக்கிறாரு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம்.

எவ்வளவு நேரம் சிரித்தோம்? எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்காதீர்கள்.

இங்கிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து தஞ்சாவூருக்கு. மறுநாள் மாலை வரை அவர் உயிரோடு இருந்தார். மாடி அறையில் கம்ப்யூட்டரும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் முறை வைத்துக் காவல் இருந்தீர்கள். சூடேறிவிடக் கூடாது என்று யாரோ வீட்டிலிருந்து மேசை விசிறி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சுற்றி நின்று பார்த்தீர்கள். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தொடவில்லை.

அந்த அறை வாசலில் நின்றிருந்த லோகாம்பாளிடம் நான் கேட்டேன். "ஏத்துறதுக்கு எந்தப் பட்டன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. கண்ண மூடிகிட்டுக் காட்டுவேன்."

"அப்பறம் ஏன் நிக்கிறீங்க?"

"அவரு ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. நான் போயி அவரு நாக்காலியில ஒக்காந்தா, இனிமே அவரு வரமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதாம்மா?"

எந்தப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது? நானும் உள்ளே போகவில்லை.

புதன்கிழமை பகலில் மின்சாரம் போனது. திரை இருண்டது. அவர் உயிர் பிரிந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் அணைந்தது என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் இறந்தது அன்று மாலை. மின்சாரம் எப்போதும் போகிற மாதிரிதான் போனது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயமாக இருந்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ! இரண்டையும் தடுக்க நம் யாராலும் முடியவில்லை. கணக்கு அழிந்ததையாவது தடுத்திருக்கலாமே என்று நீங்கள் ஒவ்வொருவரும் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. அதற்காக உங்களைக் குறைசொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஒரு மனிதர் பிழைத்து வரவேண்டும் என்று காத்திருந்தீர்கள். அது எப்படிக் குற்றமாகும்?

ஆனால் கூட்டு ஆர்டரை எடுக்கும் கும்பகோணத்து மொத்த வியாபாரி காத்திருக்க மாட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டர் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அந்த விலை இல்லை. நேற்று சாவு வீட்டில் லோகாம்பாள், "இந்தத் தீபாவளி தேறலன்னா கடையைச் சாத்திட்டு நடவுக்குப் போறதுதாம்மா" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அதே நிலை என்று எனக்குத் தெரியும்.

காதில் சொல்லலாம் என்றால் அந்தக் காது இல்லை. ஒருவருக்கொருவர் சொல்லுங்கள் என்றால் சொல்ல மாட்டீர்கள். தலைவரிடம் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். அவருக்கும் கடைத்தெருவில் கடை இருக்கிறது. அவரே "என்கிட்ட வேணாம்பா" என்று சொல்லிவிட்டார். மதராஸிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார்கள். முன்பின் தெரியாதவரிடம் சொல்வீர்களா?

என் கையில் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறார்கள். 'வணிகர் வழிகாட்டி அன்னாரின் அரும்பணியைத் தொய்வின்றித் தொடர்வோம் என இக்கூட்டம் உறுதி ஏற்கிறது.' இதைப் படித்துவிட்டு இறங்கினால் என் வேலை முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்போம், பிறகு வீட்டுக்குப் போவோம். யார் தொடர்வது? எப்படித் தொடர்வது? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை உறுதி என்று படிக்க எனக்கு வாய் வரவில்லை. தலைவர் மன்னிக்க வேண்டும்.

என்னால் அவர் இடத்தில் உட்கார முடியாது. அந்தக் கருவியைப் பற்றிக் கடைசி பெஞ்சில் இருந்து பார்த்த அளவுதான் எனக்குத் தெரியும். தட்டும்போது தப்பு வந்தால் திருத்தித் தர எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவர் தப்பாகத் தட்டி எல்லாம் அழிந்தாலும் அழியலாம். மறுபடி மின்சாரமும் போகலாம். தைரியம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னிடம் இருப்பது ஒன்றுதான். இந்த ஊரில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அந்த டீச்சரம்மா யாருகிட்டயும் வாயைத் தெறக்காது" என்பீர்கள். பாராட்டாகச் சொல்வதில்லை என்பதும் தெரியும். இருக்கட்டும்.

நாளை மாலை வகுப்பு நேரத்தில் மாடி அறை திறந்திருக்கும். சாவியைத் தலைவரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். வாசலில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவரை விட மாட்டேன். உங்கள் கணக்கை நான் பார்க்க மாட்டேன். உள்ளே போகிறவர் தம் கடைக் கணக்கைத் தாமே தட்டி, தாமே ஃப்ளாப்பியில் ஏற்றிவிட்டு வெளியே வரவேண்டும். அதற்கு நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது பேரும் வந்தால் ஆர்டர் போகும். ஒருவரும் வராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு நானும் வீட்டுக்குப் போவேன்.

வருவீர்களா என்று இப்போது கேட்கவில்லை. இந்தக் கூட்டத்தில், அவர் படத்துக்கு முன்னால் கேட்டால் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்வீர்கள். நாளை படியில் காலடிச் சத்தம் கேட்டால் நாற்காலியை நகர்த்தி வழிவிடுவேன். யார் என்று திரும்பிப் பார்க்க மாட்டேன்.

வணக்கம்.