மாத்திரை கிருமியைக் கொல்லாதாம்

சங்ககிரி பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு தம்பதி. கணவர் உண்ணிக் காய்ச்சல் தணிந்து, அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார்.

“மாத்திரை கிருமியக் கொல்லாதாமா,” என்றார் மனைவி.

“அப்பறம் எதுக்கு அம்மிணி திங்கறது?”

“கிருமிக்குள்ள புரதம் செய்யற மெஷினு மாதிரி ஒண்ணு இருக்குதாமா. மாத்திரை அதுல ஒட்டி நிறுத்திருமாமா. புரதமில்லாம கிருமி பெருகாது. மிச்சத்த உங்க ஒடம்பே பாத்துக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“காய்ச்சல்தான் உட்டுருச்சே. குமட்டுது, நிறுத்திக்கறேன்.”

“பாதியில உட்டா அந்த மெஷினு மறுபடி வேலைய ஆரம்பிச்சுருங்க மாமா. நீங்க கண்ணு தொறக்காம கெடந்தப்ப எனக்குச் சோறே எறங்கல.”

அவர் மாத்திரையை வாயிலிட்டு, நிறையத் தண்ணீர் குடித்தார்.

“இன்னைக்காச்சும் சாப்டியா?”

“ஊட்டுக்குப் போயி ரெண்டு பேரும் சேந்து சாப்படலாங்க.”