ஆள் ஏறாத சைக்கிளுக்கு அழகுக் கோப்பையா?

விடியுமுன் எழுந்து, வீட்டார் விழிக்குமுன் கிளம்பி, ஹொஸ்கோட்டை வரை மிதித்துத் திரும்பி, பிறகு ஒன்றும் அறியாதவர்போல அலுவலகத்தில் போய் அமரும் ஆற்றல் படைத்த காக்ஸ் டவுன் வைகறைச் சைக்கிள் கழகத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஞானசேகரன் அவர்களே! ஆலய மண்டபத்தையும் அளித்து அதன் மின்விசிறிகளையும் சுழலவிட்ட அருட்தந்தை சில்வெஸ்டர் அவர்களே! லிங்கராஜபுரத்திலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் நெரிசலை நீந்திக் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே! படுக்கையறையில் பாதியைச் சைக்கிளுக்குத் தாரைவார்த்துவிட்டு மீதியில் குடும்பம் நடத்தும் தாய்மார்களே! வெளியே சுவரோரம் சாய்ந்து நிற்கும் சைக்கிள்களே! உங்களை விட்டுவிட்டால் உங்கள் சொந்தக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். அனைவருக்கும் ஸ்ரீலக்ஷ்மியின் அன்பு கனிந்த வணக்கம்.

பின்வரிசையில் யாரோ கன்னடத்தில் கேளிஸ்தா இல்லா, கேட்கவில்லை என்கிறார்கள். ஒலிபெருக்கிக்காரரே, சற்றே கூட்டுங்கள். ஈக கேளிஸ்தா? நல்லது. இனி நான் சொல்லப்போவது எல்லார் காதிலும் விழவேண்டும். ஏனென்றால் இன்னும் சற்று நேரத்தில் இந்த ஆண்டின் அழகுக் கோப்பை யாருக்கென்று அறிவிக்கப் போகிறேன். கோப்பை இதோ இந்த மேசையில் இருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் என்னைப் பார்க்கிறார்களா, இதைப் பார்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாமலில்லை.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். ஓட்டுவது ஸ்கூட்டர். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குச் சக்கரம் இரண்டு என்பதுதான். அப்படிப்பட்டவளை ஏன் நடுவராக்கினார்கள்? சென்ற ஆண்டு உங்களிலேயே ஒருவர் நடுவர். முடிவு அறிவித்த அன்று மூண்ட பேச்சுவார்த்தை பொங்கல் வரை நீடித்ததாம். ஆகவே, ஒன்றுமே தெரியாத ஓர் ஆள் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். தேடியவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா, சிறுமையாக எடுத்துக்கொள்வதா என்று என் கணவரைக் கேட்டேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இன்று மதியம் வந்து சேர்ந்தேன். அப்பப்பா! அந்தச் சுவரோரத்தில் நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்? கருமையில் ஒன்று, செம்மையில் ஒன்று, காலைப் பனியின் நிறத்தில் ஒன்று. உங்கள் அழகு இலக்கணத்தைத் தலைவர் எனக்கு விளக்கினார். சங்கிலிப் பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்கவேண்டும். தண்ணீர்ப் போத்தல் கூடாது, பை கூடாது, மணி கூடவே கூடாது. டயரில் எழுதிய பெயர், காற்றடிக்கும் மூக்குக்கு நேராக வரவேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது, ஐயா. என் மாணவர்கள் வெண்பா எழுதும்போதுகூட நான் இத்தனை கண்டிப்புக் காட்டியதில்லை.

அப்புறம் அந்தத் தூக்கிப் பார்க்கிற சடங்கு! புது வண்டி வந்தால் போதும், ஒருவர் பின் ஒருவராக வந்து இரண்டு விரலால் தூக்குகிறார். தூக்கிவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார், அல்லது புருவத்தை உயர்த்துகிறார். எடையைச் சொல்வதில்லை. சொல்லாமலே சொந்தக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கிறார். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். அந்தத் தூக்கமில்லாதவர் பக்கத்தில் படுத்திருப்பவர்கள் அல்லவா நீங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. கைப்பிடி தாழ்ந்திருக்கவேண்டும். தாழத் தாழ அழகு. கைப்பிடிக்குக் கீழே வளையங்களை அடுக்கி அதை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் வளையம் ஒன்று என்றால் இளக்காரம், இரண்டு என்றால் ஏளனம், அதற்கு மேல் என்றால் ஆளையே மறந்துவிடலாம்.

இந்த இலக்கணப்படி நின்ற வண்டிகளில் தலைசிறந்தது எது? திரு. ஸ்ரீஹர்ஷா அவர்களின் கரிய வண்டி. வளையமே கிடையாது. மூன்று ஆண்டுகளாகக் கோப்பையை வீட்டில் வைத்திருப்பவர் அவர். பயணங்களில் எப்போதும் எல்லாருக்கும் பின்னால் வந்து, கழகத்தையே காத்து வருபவர் என்று தலைவர் தழுதழுத்தார். நான் உள்ளத்துக்குள் மதிப்பெண் போட்டுவிட்டேன்.

கடைசியாக நின்றது எது? பெர்னதெத் அம்மையாரின் நீல வண்டி. கைப்பிடிக்குக் கீழே வளையத்தின் மேல் வளையமாக உயர்ந்து நின்றது ஒரு கோபுரம். அதன் படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர், இதன் உச்சியில் மணி கட்டினால் பூசைக்கு அடிக்கலாம் என்று எழுதினாராமே. சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தனவாமே. எழுதியவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். தலையைக் குனியவேண்டாம், ஐயா. இன்று யாருக்கும் தண்டனை இல்லை.

அந்த வண்டியருகே ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. அம்மையாரின் கணவர் லாயிட், சைக்கிள் கடைக்காரருக்குப் போன் செய்ய மறுத்துக்கொண்டிருந்தார், அம்மையார் வற்புறுத்திக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று போய்க் கேட்டேன். லாயிட் விளக்கினார். வளையங்களை எடுத்தால் கைப்பிடி இறங்கிவிடும். ஆனால் அவை கோத்திருந்த குழாயின் நுனி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அழகுக்காக அதை அறுத்துவிடுவார்கள். அறுத்தபின் கைப்பிடியை மறுபடி உயர்த்த இடமே கிடையாது. இந்த ஆண்டும் தோற்றால் திங்கட்கிழமையே அறுப்பது என்று அம்மையார் முடிவு செய்துவிட்டார்.

அந்த வளையங்கள் ஏன் வந்தன தெரியுமா? அம்மையார் பள்ளி ஆசிரியை. பழைய உயரத்தில் ஓட்டிவிட்டு வகுப்புக்குப் போனால் விரல்கள் மரத்துப்போய்க் கையிலிருந்து சாக்பீஸ் நழுவி விழுமாம். ஒவ்வொரு வளையமாக ஏற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஏற்றி, ஒருநாள் விரல் மரக்காமல் வீடு திரும்பியிருக்கிறார். அன்றைக்கே, வருகிற செப்டம்பர்த் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி வரை சைக்கிளிலேயே வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அந்தக் குழாயை அறுத்தால் நேர்த்திக்கடன் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

"சிரிச்சு சிரிச்சே மானத்தை வாங்கிட்டாங்க மேடம். வெட்டிட்டா அழகாயிடும். வேளாங்கண்ணிக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்."

கேட்டீர்களா, பெரியோர்களே? கேட்டீர்களா, தாய்மார்களே? மாதாவிடம் சைக்கிளில் வருவேன் என்றவர், மனிதர்கள் சிரித்ததால் பஸ்ஸில் போகிறேன் என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்காகக் கோப்பை தர முடியுமா? இரக்கப்பட்டுக் கொடுத்தால் அந்த அம்மையாரே வாங்கமாட்டார். நான் நடுவர் அல்லவா? அழகு எங்கே இருக்கிறதோ அங்கேதானே கைகாட்ட வேண்டும்?

அப்போதுதான் என் தமிழ் என்னைக் கைதூக்கிவிட்டது. ஓர் உருவத்தைப் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடிக்கும் வருணனைக்குப் பாதாதிகேசம் என்று பெயர். நானும் இன்று டயரில் தொடங்கினேன், சங்கிலியைப் பாடினேன், சட்டத்தைப் பாடினேன், இருக்கைக்கு வந்தேன், கைப்பிடிக்கு வந்தேன். நின்றுவிட்டேன். கேசம் எங்கே? தலை எங்கே? தலையே இல்லாத ஒன்றுக்கா இத்தனை நேரம் அழகு பார்த்தோம்?

தலைவரே, எல்லாரையும் ஏறச் சொல்லுங்கள் என்றேன். ஆலயத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. விதியில் இல்லையே என்றார். விதியைத்தான் இன்றைக்கு மிதிக்கப் போகிறோம் என்றேன். பாவம், நல்ல மனிதர், தலையாட்டினார்.

ஸ்ரீஹர்ஷா புறப்பட்டார். வாசல் திருப்பம் வரை வில்லிலிருந்து கிளம்பிய அம்புதான். அங்கே பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஹாரன். வண்டியை நிறுத்தினார், காலை ஊன்றினார், இறங்கினார், அலமாரியை நகர்த்துவதுபோல உடம்பு முழுவதையும் திருப்பி, வந்தவர் யார் என்று பார்த்தார். கூட்டம் சிரித்தது. பிறகு ஏனோ சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்து பெர்னதெத். அதே திருப்பம், பின்னால் வேறொரு ஸ்கூட்டர். தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தார், கையசைத்து வழிவிட்டார், மிதித்துக்கொண்டே போனார். நான் அந்தக் கோபுரத்தைத் தேடினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன். காணவில்லை, ஐயா! இடுப்பிலிருந்து தோள், தோளிலிருந்து கை, கையிலிருந்து சக்கரம் என்று ஒரே ஓட்டமாக ஓடியது அந்த உருவம். ஆள் ஏறியதும் அந்த வளையங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. கண் அவற்றில் தட்டவே இல்லை. அழகு, அழகு என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அருட்தந்தைகூட ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

இறங்கி வந்தவரின் எதிரே போய் நின்றவர் யார்? மூன்றாண்டுக் கோப்பைக்காரர் ஸ்ரீஹர்ஷா. அவர் பேசியதை அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

"மேடம், குழாயை அறுத்ததிலேர்ந்து எனக்குக் கழுத்து திரும்பறதில்ல. நான் கடைசியில வர்றது யாரையும் காப்பாத்த இல்ல. என் பின்னாடி யாரும் வரக்கூடாதுன்னுதான். நீங்க அறுக்காதீங்க."

நான் உங்களைக் கேட்கிறேன், அன்பர்களே. சாய்ந்து நிற்கவா சைக்கிள் வாங்கினீர்கள்? சுவருக்குப் பொருந்தவா வாங்கினீர்கள்? நந்தி மலைத் திருப்பத்தில் மூச்சு முட்டும்போது உங்களைத் தாங்குவது படத்துக்கு விழுந்த பாராட்டா, உங்கள் உடம்புக்குப் பொருந்திய வண்டியா? லாரி உறுமி வரும்போது திரும்பிப் பார்க்க ஒரு கழுத்து வேண்டாமா? மணிக்கணக்காக மிதித்தாலும் மரக்காத விரல் வேண்டாமா? சொல்லுங்கள், வேண்டுமா வேண்டாமா? வேண்டும் என்று பின்வரிசையில் ஒலிக்கிறது. முன்வரிசை இன்னும் கோப்பையைத்தான் பார்க்கிறது.

சரி, அதற்கே வருகிறேன். நின்ற அழகில் வென்றவர் ஸ்ரீஹர்ஷா. அந்தக் கரிய வண்டியின் எழிலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓடிய அழகில் வென்றவர் பெர்னதெத். சைக்கிள் ஓடுவதற்காகப் பிறந்தது. ஆகவே இந்த ஆண்டின் அழகுக் கோப்பை, பெர்னதெத் அம்மையாரின் நீல வண்டிக்கு!

கைதட்டல் போதாது. ஸ்ரீஹர்ஷா எழுந்து நின்று தட்டுகிறார், பாருங்கள். அவரைப் பார்த்தாவது தட்டுங்கள். ஆம், இப்படி!

அம்மா, நடந்து வராதீர்கள். ஒரு நிபந்தனை இருக்கிறது. லாயிட், அந்த வண்டியை உள்ளே கொண்டுவாருங்கள். நடுவழியை விடுங்கள், நாற்காலிகளை நகர்த்துங்கள். ஏறி உட்காருங்கள், அம்மா. கணவர் பிடித்துக்கொள்வார். நான் இறங்கி வந்து, நீங்கள் அமர்ந்திருக்கும்படியே கொடுக்கிறேன். மணி கட்டலாம் என்று எழுதிய ஐயா, நீங்கள் வந்து படம் எடுங்கள். அதே குழுவில் போடுங்கள். இந்த முறை தலையோடு சேர்த்து எடுங்கள்.

திங்கட்கிழமை அறுப்பதா வேண்டாமா என்று கடைக்காரருக்குச் சொல்ல வேண்டுமே? லாயிட் போனைக் கையிலேயே வைத்திருக்கிறார். என்ன சொல்லட்டும் என்று கேட்கிறார். அம்மா, நீங்களே சொல்லுங்கள். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

"வேணாம்னு சொல்லுங்க. செப்டம்பருக்கு டயர் மட்டும் புதுசா மாத்தச் சொல்லுங்க."

இதற்குமேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். ஒன்றும் தெரியாதவளை நம்பிக் கூப்பிட்ட கழகத்துக்கும், ஒரு சுற்றுக்கு இடம்தந்த ஆலயத்துக்கும், கோப்பையைவிடப் பெரிய ஒன்றை இன்று கொடுத்த ஸ்ரீஹர்ஷாவுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வேளாங்கண்ணி போய்ச் சேரும் அந்த நீல வண்டிக்கும், அதன்மேல் நிமிர்ந்திருக்கும் தலைக்கும் என் வணக்கம்.