ஆறடிப் பலகையில் அரைப் பல்

— பேச்சை நிறுத்துன்னுதான் சொன்னேன், வாயை மூடுன்னு சொல்லலை. திற.

— திறந்துக்கிட்டு எப்படிக்கா பேசறது?

— அதுக்குத்தான் திறக்கச் சொல்றேன்.

— நாளைக்குக் காலையில பத்து மணிக்கு போட்டோக்காரன் வர்றான். என் டிரைவிங் ஸ்கூல் போர்டுல என் முகம் ஆறடி உயரத்துக்கு. இந்த உடைஞ்ச முன்பல்லு மட்டும் ஒரு சாண் இருக்கும். ரோட்டுல போறவன் என்ன நினைப்பான்? எங்கேயோ கொண்டுபோய் மோதியிருக்கா, இவகிட்டயா வண்டி கத்துக்கறதுன்னு நினைப்பான்.

— உதட்டை மூடிக்கிட்டு சிரி.

— அப்படிச் சிரிச்சா வசூலுக்கு வந்தவ மாதிரி இருக்காம், அவன்தான் சொன்னான். நீ பல்லுக்கு வழி சொல்லுக்கா. போன்ல எல்லாம் படிச்சுட்டு வந்திருக்கேன். வெளுக்க வைக்கறது ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடுமாமே?

— முடியும். இப்போ மஞ்சளா உடைஞ்சிருக்கறது, அப்புறம் வெள்ளையா உடைஞ்சிருக்கும்.

— சரி, மெல்லிசா ஓடு மாதிரி ஒண்ணு ஒட்டுவாங்களே, வெனீர்?

— பல்லைக் கொஞ்சம் இழைக்கணும். அளவெடுத்து லேபுக்கு அனுப்பினா ஒரு வாரம் ஆகும். உன் போட்டோக்காரன் ஒரு வாரம் நிப்பானா?

— கேப் போட்டுடு.

— அதுக்குச் சுத்திவர இழைக்கணும். அரைப் பல்லு போனதுக்கு மிச்சம் அரைப் பல்லையும் சீவச் சொல்றியா? தலைவலின்னு வந்தா தலையையே எடுக்கச் சொல்லுவே போலிருக்கே.

— எதைச் சொன்னாலும் நொட்டை. பல்லு கலர்லயே ஏதோ வச்சுப் பூசறது இருக்கே? ஒரே நாள்ல?

— இருக்கு. உன் பல்லுக்கு அதுதான் சரி.

— அப்பாடா. பூசு!

— பூசலாம். எப்படி உடைஞ்சுது?

— என்னது?

— பல்லு எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டேன். கேஸ் ஷீட்ல எழுதணும்.

— ஏன்க்கா, விளையாடறியா? எனக்கு ஒம்பது வயசு. மாடிப்படியில நீ தள்ளிவிட்டே. குடும்பமே பார்த்துச்சு.

— குடும்பம் நீ அழுததைத்தான் பார்த்துச்சு.

— கடவுளே! கல்யாணத்துக்கு முன்னாடி வந்து கேட்டேன், ஈறு வீங்கியிருக்குன்னே. குழந்தை பிறந்தப்புறம் கேட்டேன், உடம்பு தேறட்டும்னே. போன வருஷம் கேட்டா மெஷின் ரிப்பேருன்னே. ஊருக்கெல்லாம் பல்லு கட்டறே, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்கறே.

— வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?

— நான் ஏன் போகணும்? உடைச்சவதானே ஒட்டணும்?

— விழுந்து உடைஞ்சதுன்னா வேர் அடிபட்டிருக்கான்னு பார்க்கணும். எதையாவது கடிச்சு உடைஞ்சதுன்னா அந்தப் பழக்கம் இன்னும் இருக்கான்னு பார்க்கணும். இருந்தா நான் பூசினது நாலே மாசத்துல பேர்ந்து வரும். அதான் கேக்கறேன்.

— எனக்கு என்ன பழக்கம்?

— இப்போ வெளியில உக்காந்திருந்தப்போ பிஸ்கட் பாக்கெட்டை எதால பிரிச்சே?

— ஒரு கையில வண்டிச் சாவி இருந்துச்சு.

— இந்தா, இதைப் பார். இப்போ எடுத்த எக்ஸ்ரே. வேர் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.

— நல்லதுதானே?

— பக்கத்துப் பல்லுல ஒரு கீறல் இல்லை. உதட்டுல தழும்பு இல்லை. பதினாலு படி உருண்டவளுக்கு.

— நாலு படி.

— அன்னைக்குப் பதினாலுன்னே.

— அக்கா, வெளியில மூணு பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீ இங்க விசாரணைக் கமிஷன் வச்சு நடத்தறே. இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்போ யாரு உன்னைக் குத்தம் சொன்னா?

— உன் பொண்ணு.

— அவளா?

— போன மாசம் கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு கூட்டிட்டு வந்தியே. இந்த நாற்காலியில ஏற மாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டா. பெரியம்மாதான் அம்மா பல்லை உடைச்சவங்கன்னா. இந்த அறையில வச்சு, என் முகத்தைப் பார்த்து. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

— குழந்தை கேட்டா. வாயில வந்ததைச் சொன்னேன்.

— வாயில வந்தது எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் உனக்கு. நான் கையுறையைக் கழட்டறேன். எப்போ உண்மை வருதோ, அப்போ நீயும் வா.

— நாளைக்குப் பத்து மணிக்குக்கா!

— ஆறடிப் போர்டு. தெரியும். எழுந்திரு.

— பாட்டில்! போதுமா? கலர் சோடா பாட்டில். விருந்தாளிங்களுக்குன்னு அப்பா அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தாரே, ஆரஞ்சு கலர். ஓப்பனர் கிடைக்கலை. கட்டிலுக்கு அடியில உக்காந்து கடிச்சேன். மூடி வரலை, பல்லு வந்துச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்! அப்பா தோலை உரிச்சிருப்பார். படியில உக்காந்து என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீ ஷூவை மாட்டிக்கிட்டு ஓட்டப் பயிற்சிக்குத் தடதடன்னு இறங்கி வந்தே. இடிச்சே. லேசாத்தான். நான் கத்தினேன்.

— சரி. எழுதியாச்சு. சாஞ்சுக்கோ.

— அவ்வளவுதானா? திட்டுக்கா. ரெண்டு அறை விடு. சும்மா எழுதிட்டு விடாதே.

— திட்டினா கை நடுங்கும். கை நடுங்கினா பல்லு கோணலா வரும்.

— அந்த விளையாட்டு ஹாஸ்டல்லேருந்து உன்னைச் சேர்த்துக்கறோம்னு லெட்டர் வந்திருந்துச்சே. அன்னைக்கு ராத்திரி அப்பா அதை நாலாக் கிழிச்சாரே. கூடப் பிறந்தவளையே தள்ளிவிடறவளை எந்த நம்பிக்கையில வெளியூர் அனுப்பறதுன்னு. நான் போர்வைக்குள்ள இருந்து கேட்டேன். அப்பவே சொல்லியிருந்தா நீ ஓடியிருப்பே. உன் போட்டோ போர்டுல வந்திருக்கும்.

— பாட்டில்தான்னு எனக்குத் தெரியும்.

— என்ன?

— பல்லுப் படிப்பு மூணாம் வருஷம். லீவுல வீட்டுக்கு வந்தப்போ நீ வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்கினே. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மூடியைக் கடிச்சா உடையற மாதிரி உடைஞ்சிருந்துச்சு.

— அடிப்பாவி. தெரிஞ்சுக்கிட்டே இத்தனை வருஷமா என்னை இழுத்தடிச்சியா?

— நீயா சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லிட்டே. வாயைத் திற.

— இரு. அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?

— மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னேன்.

— பொய். அவர் கண்ணை மூடற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லையே!

— கேக்க என்ன இருக்கு? அவரே ஒத்துக்கிட்டார். கட்டிலுக்கு அடியில இருந்த பாட்டிலை எடுத்துக் குப்பையில போட்டதே அவர்தான். அன்னைக்கு ராத்திரி லெட்டரைக் கிழிக்கறதுக்கு முன்னாடியே.